வாசகர் கேள்வி பதில்: பாட்டு கிளாஸும் தமிழ் கிளாஸும்

கேள்வி: என் மகள் சின்ன வயசுலேர்ந்து கர்நாடக வாய்ப்பாட்டு கத்துக்கிறா. இப்போ எச்.எஸ்.சி.க்கு, அதாவது பள்ளி இறுதித் தேர்வுக்கு, தமிழும் எடுக்கப்போறேன்னு நிக்கிறா. அவங்க அப்பா "பாடத் தெரிஞ்சா போதாதா, இலக்கியம் வேற எதுக்கு, சுமைதானே"ங்கிறார். வீட்ல நாங்க கிரியோல்தான் (பிரெஞ்சுலேர்ந்து வந்த நம்ம ஊர்ப் பேச்சுமொழி) பேசுறோம். ரெண்டும் சேர்த்துப் படிச்சா அவளுக்கு அப்படி என்ன கிடைக்கும்?
(ஒரு தாய், ரோஸ்ஹில், மொரீஷியஸ்)

பதில்: எடுக்கட்டும்மா, தாராளமா எடுக்கட்டும். ஏன்னு ஒரே ஒரு பாட்டை வச்சு சொல்றேன், அவங்க அப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சு படிங்க.

சம்பந்தர் திருவையாறுக்குப் பாடின தேவாரம், "புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி"ன்னு ஆரம்பிக்கும். நம்ம கோயில்கள்ல நிறைய பேர் ரோமன் எழுத்துல எழுதி வச்சுதான் தேவாரம் பாடுறோம், அதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா இந்தப் பாட்டுல அடுத்து வர்ற இடத்தை பாருங்க. புத்தகத்துல "அறிவழிந்திட் டைம்மே லுந்தி"ன்னு போட்டிருக்கும். அது செய்யுளோட சீர் கணக்குக்காகப் பிரிச்சது. பாட்டு மட்டும் கத்துக்கிட்ட பொண்ணு "டைம்மே"ன்னு நிறுத்தி அங்க மூச்சு எடுத்துட்டு அப்புறம் "லுந்தி"ன்னு போவா, சுருதி தாளம் எல்லாம் சரியா இருக்கும், ஆனா கேக்குறவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேராது. தமிழும் படிக்கிற பொண்ணுக்குத் தெரியும், அது "அறிவு அழிந்திட்டு, ஐ மேல் உந்தி". சாகுற நேரத்துல அறிவெல்லாம் போயி, கோழை மேல ஏறி தொண்டையை அடைக்குதேங்கிற பயம். இது தெரிஞ்சவ எங்க மூச்சு விடணும்னு யாரும் சொல்லிக்கொடுக்காமயே கண்டுபிடிச்சுடுவா.

இன்னும் இருக்கு. அப்படி "அலமந்த", அதாவது கலங்கித் தவிக்கிற நேரத்துல "அஞ்சேல்", பயப்படாதேன்னு சொல்லி அருள் செய்றவன் இருக்கிற கோயில் எப்படிப்பட்டதுன்னு அடுத்து வருது. அங்க பொண்ணுங்க வலம் வந்து ஆடுறாங்க, முழவுங்கிற மேளம் அதிருது, அந்த சத்தத்தை மழைன்னு நினைச்சு "அஞ்சி", சில குரங்குங்க "அலமந்து" மரத்துல ஏறி மேகம் வந்திருக்கான்னு பாக்குதுங்க. சாகப்போற மனுஷனுக்கு சொன்ன அதே அஞ்சுறதும் அலமர்றதும் குரங்குக்கும் வருது பாருங்க! மனுஷன் பயமும் குரங்கு பயமும் ஒரே மாதிரி, ரெண்டு பேருமே ஏதோ சத்தத்தைக் கேட்டு மிரண்டவங்கன்னு சம்பந்தர் சிரிச்சுக்கிட்டே தேத்துற மாதிரி எனக்குத் தோணும். இதைப் பிடிக்கிறது இலக்கியம் படிச்ச கண்ணு. ஆனா இந்தப் பதிகத்துக்கு என்ன பண் (பழந்தமிழ் ராகம்) தெரியுமா, மேகராகக்குறிஞ்சி. மழைக்குன்னே பாடுற பண்ணுன்னு சொல்லுவாங்க, இப்போ ஓதுவார்கள் நீலாம்பரி ராகத்துல பாடுறாங்க. குரங்கு மேகத்தைத் தேடுற பாட்டு மேகத்தோட பேர் இருக்கிற பண்ணுல உக்காந்திருக்கு. தமிழ் மட்டும் படிச்சவங்க இதைத் தவற விட்டுடுவாங்க, சங்கீதம் மட்டும் படிச்சவங்க அந்த அலமந்ததைத் தவற விட்டுடுவாங்க. உங்க மகளுக்கு ரெண்டுமே கிடைக்கும்.

இதெல்லாம் இப்போ யாரோ புதுசா சேர்த்து வச்சதும் இல்ல. சங்க இலக்கியமான பரிபாடல்ல 70 பாட்டு இருந்துச்சாம், முழுசா கிடைச்சது 22தான், அதுல பல பாட்டுக்கு எழுதின புலவர் பேரோட இசை வகுத்தவர் பேரும் பண்ணும் சேர்த்தே குறிச்சிருக்காங்க. சிலப்பதிகாரத்துல மாதவி அரங்கேறும்போது ஆடலாசிரியர், இசையாசிரியர், தண்ணுமை (ஒரு வகை மேளம்), குழல், யாழ் ஆசிரியர்களோட பாட்டு எழுதுற புலவரும் வரிசைல நிக்கிறார், ஏழு வருஷம் பயிற்சி. நம்ம மோக்கால இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்லயும் தமிழும் இருக்கு, கர்நாடக சங்கீதமும் இருக்கு, ஒரே வளாகம்தான், பின்னாடி அங்க போகணும்னு ஆசைப்பட்டா இப்பவே ரெண்டும் கைல இருக்கிறது நல்லது.

வீட்ல கிரியோல் பேசுறதைப் பத்தி கவலைப்படாதீங்கம்மா. பாட்டு அவ வாய்ல ஏற்கனவே இருக்கு, சொல்லு பழகிடுச்சு, அர்த்தம் மட்டும்தான் இனிமே சேரணும்.

கேள்வி: தமிழ் டீச்சர் குறிலை நீட்டாதே, அர்த்தம் மாறிடும்ங்கிறாங்க. பாட்டு சார் அதே குறில்ல நின்னு நீட்டுங்கிறார். யார் சொல்றதைக் கேக்குறது?
(ஒரு மாணவன், காத்ர்போர்ன்)

பதில்: ரெண்டு பேர் சொல்றதையும் கேளு தம்பி. தொல்காப்பியத்துலயே இதுக்கு இடம் விட்டிருக்கு, எழுத்து அதோட மாத்திரை அளவைத் தாண்டி ஒலிக்கிறதும் மெய்யெழுத்து நீளுறதும் இசைல உண்டுன்னு, அது யாழ் நூல்காரங்க சொல்றதுன்னு அதோட முதல் இயலான நூன்மரபு முடியுற இடத்துல வருது. இலக்கணம் எழுதினவரே பாட்டுக்கு வழி விட்டுட்டார்.

ஆனா எல்லா இடத்துலயும் நீட்டலாம்னு இல்ல. விருத்தமா, அதாவது தாளம் இல்லாம ராகம் இழுத்துப் பாடும்போது நீட்டு, ஆனா முதல்ல அந்த சொல்லை முழுசா சொல்லிட்டு அப்புறம் நீட்டு, பாதி சொல்லுல தொங்க விடாதே. திருப்புகழ்ல அப்படி முடியாது, பாட்டுக்கு மேலயே தத்தத்தன தனதனன்னு சந்தம் போட்டிருக்கும், அருணகிரிநாதர் குறிலையும் நெடிலையும் வல்லொற்றையும் (க், த் மாதிரி வல்லின மெய்) வச்சே தாளம் கட்டியிருக்கார், அங்க குறிலை நீட்டினா தாளமே கவுந்துடும். தமிழ் கிளாஸ்ல அசை பிரிக்கக் கத்துக்கிட்டதும் ஒரு திருப்புகழை எடுத்து பாடாம கை தட்டி வாசிச்சுப் பாரு. அப்புறம் அதைப் பாட்டு சார்கிட்ட பாடிக் காட்டு, ரெண்டு டீச்சரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்காங்கன்னு உனக்கே தெரிஞ்சுடும்.

கேள்வி: எங்க தலைமுறை கேட்டுக் கேட்டே பாடினது, பாதிக்கு மேல அர்த்தம் தெரியாது. இத்தனை வருஷம் அப்படிப் பாடினது வீண்தானா?
(ஒரு பெரியவர், போர்ட் லூயிஸ்)

பதில்: ஐயா, அப்படி நினைக்கவே கூடாது. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே புதுச்சேரிப் பக்கத்துலேர்ந்து கைத்தொழில்காரங்க இங்க வந்தாங்க, அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்க, பேச்சு கொஞ்சம் கொஞ்சமா கிரியோலா மாறிடுச்சு, ஆனா பாட்டு நின்னுச்சு. நீங்க அதைப் பாடிக்கிட்டே இருந்ததாலதான் இன்னைக்குப் புள்ளைங்க அர்த்தம் தேட ஒரு பாட்டு கைல இருக்கு.

உங்களை ஒண்ணு கேட்டுக்குறேன். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கோமே, சாயங்காலம் கோயில்ல பாடுறதுக்கு முன்னாடி தமிழ் படிக்கிற ஒரு புள்ளையைக் கூப்பிட்டு, அன்னைக்குப் பாடப்போற பாட்டை பதம் பிரிச்சு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அர்த்தத்தை கிரியோல்லயே ரெண்டு வரி சொல்லச் சொல்லுங்க, அப்புறம் நீங்க பாடுங்க. நாளுக்கு ஒண்ணுன்னா கூட பத்து பாட்டு ஆகும்.