இரணியனுக்குக் காது கேட்கவில்லை

அன்பின் ஐயாவுக்கு,

எங்கள் ஊர்க் கோயிலில் ஓர் இரவு இரணியன் கதையைக் கூத்தாக ஆடினார்கள். விடியப்புறம் வீட்டுக்கு வரும்போது கூட வந்த நண்பர், "என்ன சொன்னாலும் அவன் ஆண்டபோது மூன்று உலகமும் ஒழுங்காக இருந்ததே" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் எட்டாம் தர வகுப்பாசிரியன். 38 பிள்ளைகள். பிரம்பு மேசையில் கிடந்தால்தான் வகுப்பு அமைதியாக இருக்கிறது. "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம் சேர்" என்கிறார்கள். அன்பைவிட அச்சமே அரசனுக்குப் பாதுகாப்பு என்று இத்தாலிய அரசியல் எழுத்தாளர் மாக்கியவல்லி சொல்கிறார். வள்ளுவரும் 'கடிதோச்சி' என்கிறார். அச்சம் இல்லாமல் ஆட்சி நடக்குமா?

– ஓர் ஆசிரியர், தம்பிலுவில்

அன்பின் தம்பிக்கு,

முதலில் வள்ளுவரை விடுவித்துவிடுவோம். 'கடிதோச்சி மெல்ல எறிக' என்பதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஓங்குவது வேகமாக, விழுவது மெதுவாக. அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயரே 'வெருவந்த செய்யாமை'. குடிகள் வெருளும்படி நடக்காதே என்பதற்காகவே பத்துக் குறள் எழுதியவரைப் பிரம்புக்குச் சாட்சிக்கு அழைப்பது கொஞ்சம் அநியாயம்.

மாக்கியவல்லி கதை வேறு. 1513இல் எழுதிய 'இளவரசன்' நூலின் 17ஆம் அத்தியாயத்தில் நீங்கள் சொன்னதைச் சொல்கிறார்தான். இரண்டும் சேர்ந்து கிடைக்காவிட்டால் என்ற நிபந்தனையோடு. அதே மூச்சில், அஞ்சலாம், ஆனால் வெறுக்கக் கூடாது, ஆகவே குடிகளின் சொத்தில் கை வைக்காதே, தகப்பன் செத்ததை மறந்தாலும் முதுசம் போனதை மனிதர் மறக்க மாட்டார்கள் என்கிறார். காணி வழக்கோடு வாழும் நம் ஊராருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். அப்புறம் 23ஆம் அத்தியாயம். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. முகத்துதிக்காரரிடமிருந்து அரசன் எப்படித் தப்புவது என்பது அதன் பொருள். விவேகிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, கேட்டதற்கு உண்மை சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடு என்கிறார். அச்சத்துக்கு வக்காலத்து வாங்கியவருக்கே அந்த அச்சத்தில் ஓர் ஓட்டை வைக்க வேண்டியிருந்தது.

ஏன் என்பதற்கு இரணியனிடம் வருகிறேன். கம்பன் பாடிய இரணியன் வதைப் படலத்தில் எனக்குப் பிடித்தவர் பிரகலாதனும் இல்லை, நரசிங்கமும் இல்லை. அந்த வாத்தியார். 'உன் அப்பன் பேரைச் சொல்லு' என்று பாடம் தொடங்குகிறார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வேறு பேரைச் சொல்லுகிறது. 'கெடுத்தொழிந்தனை என்னையும் உன்னையும்' என்று பதறுகிறார் மனுசன். அந்த வரிசையைப் பாருங்கள், முதலில் 'என்னையும்'. பிறகு அரசனிடம் ஓடுகிறார். என்ன சொன்னான் என்று அரசன் கேட்டால், அதை நான் சொன்னால் என் நாக்கு வெந்துபோகும் என்கிறார். மூன்று உலகத்தையும் கட்டி ஆண்டவனுக்குத் தன் பிள்ளையின் வகுப்பறையில் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தவருக்கோ வாய் வரவில்லை.

அவன் வாங்கிய வரத்தையும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். மனிதனால் கூடாது, மிருகத்தால் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது. எல்லாரையும் நடுங்க வைத்தவன் இரவிரவாக யோசித்து எழுதிய பட்டியல் அது.

இதற்குப் புராணம் வரை போகத் தேவையில்லை. என் அம்மப்பா ஒரு போடியார், பெரிய வயல்காரர். வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூர்க் கரைக்குப் போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். கால் வலி வந்த பிறகு அவர் போவதில்லை. வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் வெள்ளிக்கிழமைகளில் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்து, விறாந்தைக்குக் கீழே சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். "வெள்ளாமை எப்படி?" "எல்லாம் நல்லா இரிக்கு போடியார்." கெட்ட செய்தி கொண்டு வருகிறவனுக்குத்தான் அம்மப்பா முதலில் ஏசுவார். கையில் செம்பிருந்தால் செம்பு பறக்கும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அன்று முல்லைக்காரர் வழமைபோல "நல்லா இரிக்கு" சொல்லிவிட்டு, தயிர்ச் சட்டியைக் கொடுக்கக் குசினிப் பக்கம் வந்தார். அம்மம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "அறக்கொட்டி விழுந்திரிக்கு. வாய்க்கால் பக்கம் ரெண்டு இடத்தில கருகிப்போய்க் கிடக்கு" என்றார். அறக்கொட்டி என்பது நெல்லைக் கருக்கும் பூச்சி. அம்மம்மா விறாந்தையை எட்டிப் பார்த்தா. "இப்ப சொல்லிராத கா. கோபமா இரிக்கார். மறுகா பாப்பம்." குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். செய்தி அந்தப் பத்தடியைக் கடக்க மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தது. அதற்குள் பாதி வயல் நெருப்புப் பட்டதுபோல் ஆகிவிட்டது.

அம்மப்பா கெட்டவர் இல்லை. எனக்கு வெல்லம் ஒளித்து வைத்துத் தருகிறவர். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன், கொடுங்கோலனாக இருக்க அரக்கனாகப் பிறக்க வேண்டியதில்லை.

யுத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். எந்தப் பக்கத்தார் வந்து எதைக் கேட்டாலும் ஊர் முழுக்க ஒரே பதில்தான் இருந்தது: 'தெரியாது'. பக்கத்து வீட்டுக்காரரின் பேர்கூடத் தெரியாது. வெளியில் இருந்து பார்த்தால் அதுவும் அமைதிதான், ஒழுங்குதான். உங்கள் நண்பர் இரணியன் நாட்டில் கண்ட ஒழுங்கு.

உங்கள் வகுப்பின் 38 'ஓம் சேர்' பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தவணைப் பரீட்சைத் தாள்களை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். பிரம்பை எடுத்து வைத்தால் முதல் கிழமை இரைச்சலாகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்தான் யாராவது ஒரு பிள்ளை 'விளங்கல்ல சேர்' என்று சொல்லும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இரணியன் கதையைக் கம்பனில் சொல்வது யார் தெரியுமா? விபீடணன். கேட்பவன் இராவணன். அண்ணா, இப்படி ஆகாதே என்று தம்பி சொல்லும் புத்திமதி அது. இராவணன் முழுக்கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, தகப்பனை நரசிங்கம் பிளப்பதைப் பார்த்து மகிழ்ந்த அந்தப் பிள்ளையும் நீயும் ஒன்று என்று ஏசி, சொன்னவனைத் துரத்திவிட்டான்.

அம்மப்பா அடுத்த போகத்துக்கு முல்லைக்காரரை மாற்றினார். புதியவர் முதல் வெள்ளிக்கிழமை தயிர்ச் சட்டியோடு வந்து நின்றார். "எல்லாம் நல்லா இரிக்கு போடியார்."