கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சைக் கம்பளம்

கேள்வி: சென்ற இதழில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் புகைப்படத்தைப் போட்டு, எட்டு வரிக்குள் கவிதை கேட்டிருந்தீர்கள். ‘பச்சைக் கம்பளம் விரித்த மலையில் பனியில் நனைந்த பூவை இவள்’ என்று தொடங்கி அழகாகத்தான் எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை. படத்தில் இருப்பதைத்தானே எழுதினேன்? தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இடமா? என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான்.
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: ‘தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா’ என்பதற்கு முதலில் பதில். தள்ளிவைத்த கவிதைகளில் என் மைத்துனருடையதும் ஒன்று. மூன்று வாரமாக அவர் வீட்டுப் பக்கம் நான் போவதில்லை.

இனி உங்கள் கவிதை. நம் இதழ் கறுப்பு வெள்ளையில் அச்சாவது, சகோதரி. அந்தப் படத்தில் பச்சையை எங்கே கண்டீர்கள்? தேயிலைப் பெட்டியில் கண்டிருப்பீர்கள். கம்பளம் என்கிறவர்கள் ரோட்டில் வேனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். செடி நிரைக்குள் இறங்கியவருக்கு அது காலைக் கீறும் கிளை. மழைக்காலமென்றால் அட்டையும் சேர்ந்துகொள்ளும்.

படத்தில் இருந்தது வேறு. அந்தப் பெண் சிரிக்கிறார். ஆனால் இடக்கை கூடைக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. செடிமேல், கொழுந்து எடுக்க மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு கிடக்கிறது. வலது ஓரத்தில் யாரோ ஒருவரின் சப்பாத்து பாதி தெரிகிறது, ஆளைக் காணோம். வந்த கவிதைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் பனி பெய்தது. சப்பாத்தைக் கண்டவர் லிந்துலை வாசகர் ஒருவர் மட்டுமே. இந்த இதழில் வந்திருக்கும் அவருடைய மூன்று வரி இது:

சப்பாத்துக்காரர்
சிரிக்கச் சொன்னார்.
கூடையை இறக்கச் சொல்லவில்லை.

படம் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது; வாசகருக்கும் கண் உண்டு. அதில் தெரிவதை மறுபடி சொல்வதற்கு எட்டு வரி எதற்கு? கெமராவுக்கு எட்டாத ஏதாவது ஒன்று, கூடையின் பாரமோ, அவரைச் சிரிக்கச் சொன்ன குரலோ, வேண்டும். அது ஒன்று கிடைத்தால் பனியை மன்னித்திருப்பேன்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. புனித மேரி தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலக் கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர். கணவருக்கு இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இந்த மலையிலேயே இறந்தார். இங்கிருந்த காலத்தில் நம் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். அவர் கையாண்டது, மருந்து பூசி ஈரம் காயுமுன் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடு. உருவம் பதியும்வரை சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். டெனிசனும் அப்படித்தான் அசையாமல் இருந்தார், நம்மவரும் அப்படித்தான் நின்றார்கள். டெனிசனின் பெயர் தெரிகிறது. நின்ற நம்மவர் பலரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தச் சில விநாடிகளில் அவர்களில் ஒருத்தி என்ன நினைத்திருப்பாள்? எட்டு வரி அதற்குப் போதாது, ஆனாலும் எழுதிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் கவிதைக்குப் பக்கத்தில் வந்த வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான்.’ அதைக் கடைசியில் போட்டுவிட்டுப் பூவையை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போடும் அம்மாவைப் பார்த்து ‘பூவை’ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள், அதைக் கட்டாயம் பிரசுரிக்கிறேன்.

அடுத்த இதழுக்கான படம் இந்தப் பக்கத்தின் கீழே இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வரிசையாக ஐந்து வாளிகள். ஆள் யாரும் இல்லை. எது யாருடைய வாளி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.