கருத்தடை மாத்திரை தொடங்கியதிலிருந்து அழுகையும் எரிச்சலும்: மாத்திரைதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 27. பதினான்கு மாதக் குழந்தை இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்பதால் நான்கு மாதங்களாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாவது அட்டையிலிருந்தே காரணமில்லாமல் அழுகை வருகிறது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. பிரசவமான புதிதிலும் சில வாரங்கள் இப்படித்தான் இருந்தேன். "மாத்திரைக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் உன் கற்பனை" என்கிறார் கணவர். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. இதைக் கற்பனை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. கருத்தடை மாத்திரை வேலை செய்வதே மூளையின் வழியாகத்தான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சமிக்ஞைகளை அடக்கித்தான் அது கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. அப்படி அடங்கும்போது உங்கள் உடல் தானே சுரக்கும் புரோஜெஸ்டிரானும் குறைந்துவிடும். அந்தப் புரோஜெஸ்டிரானிலிருந்துதான் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. பதற்றத்தைத் தணித்து மூளையை அமைதிப்படுத்துவது அதன் வேலை. அதன் அளவு குறைவதைப் பெரும்பாலான பெண்கள் உணர்வதே இல்லை. சிலருடைய மூளை மட்டும் ஹார்மோன் ஏற்ற இறக்கங்களைக் கூர்மையாக உணர்கிறது. பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், நீங்களும் அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தாத 100 பெண்களில் ஓர் ஆண்டில் 1.7 பேர் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து தொடங்கினார்கள். பயன்படுத்தியவர்களில் அது 2.2 பேர். பதின்ம வயதுப் பெண்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம். இத்தகைய பதிவாய்வு ஒரு தொடர்பைக் காட்டுமே தவிர, மாத்திரையே காரணம் என்று நிரூபித்துவிடாது. ஸ்வீடனில் 340 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரையும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த அதன் முடிவு: உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உற்சாகமும் பொதுவான நல்லுணர்வும் ஓரளவு குறைந்திருந்தன. ஆனால் மனச்சோர்வு நோய் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. எனவே நூறு பேரில் பெரும்பாலானோருக்கு இந்த மாத்திரை மனதளவில் தொல்லை தருவதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய எரிச்சல் இதனால் குறைந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சராசரியைக் காட்டி உங்கள் அழுகையை இல்லை என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை கிடையாது.

அதே நேரத்தில் பழி முழுவதையும் மாத்திரை மேல் போட்டுவிட்டு வேறு காரணங்களைத் தவறவிடுவதும் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் முதல் ஓராண்டில் தைராய்டு சுரப்பி தடுமாறுவது சகஜம். சிலருக்கு அது அதன் பிறகும் நீடிக்கும். ரத்தசோகை, பி12 குறைபாடு, மாதக்கணக்கில் தொடரும் தூக்கக் குறைவு எல்லாமே இதே சோர்வையும் எரிச்சலையும் தரும். ஹீமோகுளோபின், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச், பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு காலண்டரில் தினமும் இரவு உங்கள் மனநிலைக்கு 10-க்கு ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள். எந்த மாத்திரை நாள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மாலா-என் போன்ற அட்டையில் 21 வெள்ளை மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. பழுப்பு நிற 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. அந்தப் பழுப்பு மாத்திரை வாரத்தில் மட்டும் மனம் சரிகிறதென்றால், ஹார்மோன் திடீரென நின்றுபோவதுதான் காரணமாக இருக்கலாம். ஹார்மோன் இல்லாத நாட்கள் குறைவான வேறு அட்டைக்கு மாறினாலே சிலருக்கு அது சரியாகிவிடும். மாதம் முழுவதும் ஒரே மாதிரி சோர்வு என்றால் ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

மாத்திரையை நிறுத்துவதால் உடலுக்குக் கெடுதல் எதுவும் வராது. ஆனால் நிறுத்தியதுமே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும். கையில் உள்ள அட்டையை முடித்துவிட்டு நிறுத்தினால் இடையில் ரத்தப்போக்குக் குழப்பம் இராது. மனம் தாங்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்தலாம். எப்படியானாலும் அன்றிலிருந்தே ஆணுறையாவது வேண்டும். குழந்தைகளுக்கிடையே இடைவெளி விட உங்களுக்குப் பொருத்தமானது கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி. அதில் ஹார்மோன் துளியும் கிடையாது, 380ஏ வகை பத்து ஆண்டு வரை பலன் தரும், வேண்டும்போது எடுத்துவிடலாம். மாதவிலக்கில் உதிரப்போக்கும் வலியும் சற்றுக் கூடலாம் என்பதால் ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே கிடைக்கும் சாயா மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்டிரானோ இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் கருத்தடை ஊசியான அந்தராவை மட்டும் இப்போதைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது நல்ல மருந்துதான். ஆனால் போட்ட பிறகு மனம் கெட்டால், மாத்திரையைப்போல நிறுத்த வழியில்லை; உடலில் இருந்து அது தானாகத் தேயும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாத்திரையை நிறுத்தி ஓரிரு மாதங்களில் மனம் தெளியவில்லை என்றாலும், அதற்கு முன்பே இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் செர்ட்ரலின் போன்ற மருந்துகளால் கருத்தடையின் பலன் குறையாது. வாழ்வதே வீண், குழந்தையை என்ன செய்துவிடுவேனோ என்பதுபோன்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் இந்த மாத்திரைகளின் தகவல் தாளில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னதும் பெண்கள் இதை உடனே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் காலண்டரை மேசை மேல் வைத்து, பிரசவத்துக்குப் பின் அழுத வாரங்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த முறை உங்களுக்குச் சரி என்று முடிவெடுக்க மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.