கண்ணாடியில் மீனைவிட நான்தான் தெளிவாகத் தெரிகிறேன்!

கேள்வி: தக்கலையில் இருக்கிறோம். ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. ஒரு ஜோடி ஏஞ்சல், எட்டு டைகர் பார்ப், ஒரு சக்கர் மீன். கையில் எட்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளை வட்டம். போடாவிட்டால் படம் மங்கல். இரண்டிலும் நைட்டியோடு நான் நிற்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ஏஞ்சலின் நீளத் துடுப்பு நுனி ஒரு படத்திலும் சரியாக விழவில்லை. புது லென்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஒரு கறுப்புக் குடையை எடுங்கள்.

ராத்திரி நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு பஸ்ஸில் வரும்போது கவனித்திருப்பீர்கள். உள்ளே லைட் எரிந்தால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். டிரைவர் அணைத்துவிட்டால் வில்லுக்குறி பக்கத்துத் தென்னைகூடத் தெரியும். தொட்டிக்கும் அதே கதைதான். நீங்கள் நிற்கும் பக்கம் வெளிச்சமாக இருக்கிறவரை அந்தக் கண்ணாடி உங்களைத்தான் காட்டும். ஏழு மணிக்குமேல் ஜன்னல் திரையை இழுத்து, ஹால் விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். டிவியையும்தான், அதுதான் பெரிய எதிரி. இருண்ட நிறத்தில் ஏதாவது உடுத்திக்கொண்டு, குடையை விரித்து முதுகுக்குப் பின்னால் வையுங்கள். கேமரா வாரில் இருக்கும் வெள்ளை எழுத்துகூட ஏஞ்சலின் வயிற்றில் வந்து உட்காரும். ஒரு துண்டு கறுப்பு டேப் போதும். தொட்டி விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம். இருட்டில் நின்ற மீன்மேல் சட்டென்று வெளிச்சம் பட்டால் பதறி மூலைக்கு ஓடிவிடும்.

கேமராவிலேயே இருக்கும் பிளாஷை மூடி வையுங்கள். அது கண்ணாடியில் நேராகப் பட்டு நேராகவே திரும்பி வருகிறது. உங்கள் வெள்ளை வட்டம் அதுதான். வெளிச்சம் மேலிருந்து வர வேண்டும். தனி பிளாஷும், கேமராவிலிருந்து வயரில்லாமல் அதை அடிக்க வைக்கும் டிரிக்கரும் இரவல் கிடைத்தால், தொட்டியை மூடும் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, இடையில் ஒரு வெள்ளைத் தாள் போடுங்கள். மூடி இல்லாத தொட்டியில் இந்த வேலை வேண்டாம். தண்ணீரும் கரண்டும் விளையாட்டல்ல.

பிளாஷ் இல்லையென்றால் கூடுதல் எல்இடி விளக்கு வைக்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விலை மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/250, 1/500 நொடி என்று ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100-க்கு இறக்கினால் போய்விடும். ஏஞ்சலுக்கு அந்த வேகம் போதும், அது நின்று நிதானமாகத் திரும்புகிற மீன். டைகர் பார்ப்புக்கு 1/250-ஆவது வேண்டும். அதற்குப் பேட்டரியில் எரியும் எமர்ஜென்சி லைட்டை வைத்துப் பாருங்கள். பட்டை பெரும்பாலும் விழாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்து போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இனி லென்ஸ். அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு வராது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் லென்ஸுக்கு அது முழுதாகப் பொருந்தாது. 18-55 லென்ஸ் சுமார் 25 முதல் 28 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அந்த தூரம் லென்ஸ் முனையிலிருந்து அல்ல; கேமராவின் தலையில் வட்டமும் குறுக்குக் கோடுமாக ஒரு சின்னக் குறி இருக்கும், அங்கிருந்து கணக்கு. போதாததற்குத் தண்ணீர் வேறு ஏமாற்றும்: 16 செ.மீ. உள்ளே இருக்கும் மீன் 12 செ.மீ.யில் இருப்பதுபோலத் தோன்றும். ஆக, லென்ஸை ஒட்டி வைத்தால் தொட்டியின் முன்பாதியில் வரும் மீன் சிக்கவே சிக்காது. கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ஜூமை 55-லேயே வையுங்கள். சாய்த்துப் பிடிக்காதீர்கள், கண்ணாடிக்கு நேராக இல்லாவிட்டால் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகப் பிரியும்.

மீனைத் துரத்தவும் வேண்டாம். தூண்டில்காரர் மாதிரி ஒரு செடியருகே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பார்ப் கூட்டம் சுற்றிச் சுற்றி அதே வழியில்தான் வரும். கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கினாலும் படம் படம்தான்.

தண்ணீரை முந்தின நாளே கால் பங்கு மாற்றிவிடுங்கள். அன்றைக்கே மாற்றினால் புதுத் தண்ணீரின் காற்று, முத்து முத்தாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். உள்பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம். வெளியே உப்புக்கறைக்கு வினிகர் தொட்ட துணி. ஸ்பிரே அடிக்காதீர்கள், துளி உள்ளே போகும். தூசு அடங்க ஃபில்டரைக் கால்மணி நேரம் நிறுத்தலாம், ஆனால் போனில் அலாரம் வைத்துவிட்டு நிறுத்துங்கள். நான் ஒருமுறை மறந்து தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் கோல்டு ஃபிஷ் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

நிறம் பச்சையாகவோ நீலமாகவோ வந்தால், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் நிறுத்திப் படமெடுத்து, அதை வைத்து கேமராவில் ஒயிட் பேலன்ஸ் கொடுங்கள், அதாவது எது வெள்ளை என்று அதற்குக் காட்டிவிடுங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டும் அடிக்கிற ஊர் நம்முடையது. எட்டு வருடம் பையிலேயே கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தத் துடுப்பு நுனி. கேமராவை வைத்துவிட்டுக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். டைகர் பார்ப் இருக்கும் தொட்டியில் ஏஞ்சலுக்கு நீளத் துடுப்பு நிலைக்காது, கொத்திக் கொத்தியே தின்றுவிடும். படத்தில் விழாததற்குக் காரணம், அது அங்கே இல்லாததாகவும் இருக்கலாம். பார்ப்பை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். துடுப்பு மெல்ல வளர்ந்துவிடும், அப்புறம் எடுங்கள்.