ஏரியில் மீன்கள் திடீரென்று செத்து மிதந்தால் அரசு முதலில் என்ன செய்ய வேண்டும்?
செத்த மீன்களை அள்ளுவதற்கு முன்பே தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, ஆனால் பாசியும் சுவாசிக்கும்; அதனால் விடியும் வேளையில்தான் அளவு மிகக் குறையும். அதிகாரிகள் மதியம் வந்து அளந்துவிட்டு "எல்லாம் சரி" என்றால் அதை அப்படியே நம்ப முடியாது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தாங்காது.

பெரிய மீன்களே அதிகம் செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். சின்னதும் பெரியதும் ஒரேயடியாகச் செத்திருந்தால் நஞ்சாகவும் இருக்கலாம். மாதிரிகளை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; அழுகிய மீனை வைத்து பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் செத்தவற்றை அகற்றிப் புதைக்கலாம். முடிவு வரும்வரை அந்த மீனை விற்கவும் உண்ணவும் தடை அவசியம்.