ஸ்பெயினில் கம்பெனி தொடங்க நினைக்கும் இந்தியர், அந்நாட்டு அரசு நடைமுறையையும் மக்களின் பழக்கவழக்கத்தையும் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் ஊரை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஸ்பெயினில் 17 தன்னாட்சிப் பகுதிகளும் 2 தன்னாட்சி நகரங்களும் இருக்கின்றன. வரி, மொழி, விடுமுறை, மானியம், தொழிலாளர் ஒப்பந்தம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பாஸ்க் பகுதியின் மூன்று மாகாணங்களும் நவார்ராவும் வரியைத் தாங்களே வசூலிக்கின்றன. கம்பெனி வரியின் பொது விகிதம் நாட்டின் பெரும்பகுதியில் 25%, பாஸ்க்கில் 24%, நவார்ராவில் 28%. பாஸ்க்கில் பில் போடும் மென்பொருளும் டிக்கெட்பாய் முறைக்கு, அதாவது பில் விவரத்தை அங்குள்ள வரித்துறைக்கு அனுப்பும் முறைக்கு, ஏற்றதாக இருக்க வேண்டும். கனரித் தீவுகளில் 21% மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிலாக 7% தீவு வரி. மாத்ரிதிலிருந்து அங்கே அனுப்பும் சரக்குக்கு ஏற்றுமதி போலவே சுங்கப் பத்திரம் போட வேண்டும். பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் கடை திறந்தால் பெயர்ப்பலகையும் அறிவிப்புகளும் குறைந்தது கத்தலான் மொழியிலாவது இருந்தாக வேண்டும்.

பதிவு செய்யும் வரிசை இது. பங்குதாரர், இயக்குநர் ஒவ்வொருவருக்கும் என்.ஐ.இ. எனும் வெளிநாட்டவர் அடையாள எண் வேண்டும். அடுத்து, மத்திய வணிகப் பதிவகத்தில் பெயர்ச் சான்றிதழ். ஐந்து பெயர்கள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். பெயர் ஆறு மாதம் உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும், ஆனால் சான்றிதழ் மூன்று மாதமே செல்லும். அதற்குள் நோட்டரியிடம் போகாவிட்டால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு, நோட்டரி முன் பத்திரம், தற்காலிக வரி எண், மாகாண வணிகப் பதிவகம், கடைசியில் நிரந்தர வரி எண்.

அங்கே நோட்டரி என்பவர் முத்திரை குத்திக் கொடுப்பவர் அல்ல. பத்திரம் சட்டப்படி சரியா என்று பார்க்கும் அரசு அதிகாரி. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்துத்தான் கையெழுத்து வாங்குவார். நேரில் போக முடியாமல் பவர் எழுதிக் கொடுத்தால், பத்திரம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். பலர் மொழிபெயர்த்த பிறகு அப்போஸ்டில் வாங்குகிறார்கள். அப்போது அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நின்று, காகிதம் திரும்பி வரும். வரிசையை மாற்றாதீர்கள்.

2022 சட்டத்துக்குப் பிறகு 1 யூரோ மூலதனத்திலேயே லிமிடெட் கம்பெனி தொடங்கலாம். ஆனால் மூலதனம் 3,000 யூரோவுக்குக் கீழே இருந்தால், லாபத்தில் 20% கட்டாய இருப்பில் போட வேண்டும். கம்பெனி கடனோடு மூடப்பட்டால் 3,000 வரையிலான பற்றாக்குறைக்குப் பங்குதாரர்களே பொறுப்பு. முதலிலேயே 3,000 போட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. வங்கியும் சப்ளையரும் அந்தக் கம்பெனியைத்தான் மதிப்பார்கள்.

வெளிநாட்டவர் அதிகம் அடிபடும் இடம், அரசு அறிவிப்புகள் வந்து விழும் மின்னணு அஞ்சல் பெட்டி. கம்பெனியாக இருந்தால் அரசோடு மின்னணு வழியில்தான் பேச வேண்டும், சட்டமே அப்படி. வரித்துறை அறிவிப்பு உங்கள் பெட்டியில் விழுந்து 10 நாள் திறக்கப்படாவிட்டால், நீங்கள் அதைப் பெற்றுக்கொண்டதாகவே கணக்கு. மேல்முறையீட்டுக் கெடு அங்கிருந்து ஓடத் தொடங்கும். "புது அறிவிப்பு வந்திருக்கிறது" என்ற மின்னஞ்சல் வெறும் மரியாதைக்கு. அது வராமல் போனாலும் அறிவிப்பு செல்லுபடியாகும். பெட்டியைத் திறக்க டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும், அது காலாவதியாகும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கம்பெனியின் கணக்கு, வரி, அரசுக் காகித வேலைகளைப் பார்க்கும் ஹெஸ்தோர் எனும் முகவருக்கு முறையான அதிகாரம் கொடுத்து, வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்ப்பது அவர் வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். வரித்துறையிடம் ஆண்டுக்கு 30 நாள் வரை அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்கும் வசதியும் உண்டு. ஆகஸ்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

ஆட்களை வைக்கும் முன் உங்கள் துறைக்கும் மாகாணத்துக்கும் பொருந்தும் கூட்டு ஒப்பந்தத்தை, அதாவது தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, படியுங்கள். சம்பளத்தின் கீழ் வரம்பும் வேலை நேரமும் அதில்தான் இருக்கும். ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் 14 தவணை. விடுப்பு 30 நாட்காட்டி நாள். தினசரி வேலை நேரப் பதிவு கட்டாயம். நியாயமற்ற பணிநீக்கம் என்று தீர்ப்பானால் வேலை பார்த்த ஆண்டுக்கு 33 நாள் சம்பளம், அதிகபட்சம் 24 மாதம்.

பணம் வசூலிப்பதில் கவனம் தேவை. கம்பெனிகளுக்கிடையே 60 நாள், அரசு அலுவலகத்துக்கு 30 நாள் என்பது சட்டம். நடப்பில் தாமதம் சகஜம். இந்தியாவிலிருந்து கடனுக்குச் சரக்கு அனுப்புவதானால் வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இந்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு எடுத்துவிட்டே அனுப்புங்கள்.

பழகும் விதம் சுலபமாகவே இருக்கும். இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் முதலாவது வழக்கமாகத் தந்தை வழி, அழைப்பதும் பெரும்பாலும் அதைச் சொல்லித்தான். சீக்கிரமே முதற்பெயருக்கு இறங்கிவிடுவார்கள். அதை வைத்துப் பேரம் முடிந்தது என்று எண்ணக் கூடாது, முடிவு முதலாளியிடம்தான் இருக்கும். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல். விலைப் பேச்சை காபி வரும் வரை நீங்களாக எடுக்காதீர்கள். கத்தலோனியப் பிரிவினை பற்றிக் கருத்துச் சொல்லவே வேண்டாம். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், அதை யாரும் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள்.

விடுமுறை வியாழனில் விழுந்தால் வெள்ளியும் பலருக்கு விடுப்பு. டிசம்பர் 6, 8 தேதிகளையொட்டிய வாரமும், கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரையும், ஆகஸ்ட் முழுவதும் வேலை மெதுவாகத்தான் நகரும். கையெழுத்து ஆக வேண்டிய ஒப்பந்தத்தை ஜூலை முதல் வாரத்துக்குள் நோட்டரி மேஜைக்குக் கொண்டுபோய்விடுங்கள், தவறினால் செப்டம்பர்தான்.