கேள்வி-பதில்: ஹேண்ட்பிரேக் பட்டன் மக்கர் செய்கிறது, காலிபரையே மாற்றணுமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி ஒன்றை பழைய கார் டீலரிடம் வாங்கினேன். மழை தொடங்கியதிலிருந்து காலையில் வண்டியை எடுக்கும்போது பார்க்கிங் பிரேக் ஃபால்ட் என்று மஞ்சள் விளக்கு எரிகிறது. சில நாள் பட்டனை அழுத்தினாலும் பிரேக் விடுவதில்லை. எஞ்சினை அணைத்து மறுபடி போட்டால் விட்டுவிடுகிறது. போன மாதம்தான் ஊர் மெக்கானிக்கிடம் பின் சக்கர பேட் மாற்றினேன். சர்வீஸ் சென்டரில் இரண்டு பின் காலிபரையும் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றச் சொல்லி பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?

பதில்: அந்த எஸ்டிமேட்டில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன ஃபால்ட் கோடு வந்தது, இடது பக்கமா வலது பக்கமா, எப்போது பதிவானது என்று ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) காட்டியதை முதலில் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். கோடு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் இரண்டு காலிபர் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் வண்டியில் இருப்பது பட்டனில் இயங்கும் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். இந்த பிரேக்கில் பெரும்பாலான வண்டிகளில் பின் காலிபர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். பட்டனை இழுத்ததும் அது பல்சக்கரம் வழியாக ஒரு திருகைச் சுற்றி, பிஸ்டனை பேட் மேல் அழுத்துகிறது. இறுக இறுக மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும். அதை வைத்துத்தான் கண்ட்ரோல் யூனிட் பிரேக் பிடித்துவிட்டதா என்று முடிவு செய்கிறது. எதிர்பார்த்த கரண்ட் வரவில்லை என்றால் விளக்கைப் போட்டுவிடும். அதனால் பேட்டரி சோர்ந்திருந்தாலும், கனெக்டரில் தண்ணீர் புகுந்திருந்தாலும், மோட்டாரே போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிவது அதே மஞ்சள் விளக்குதான்.

காலைக் குளிரில் வருகிறது, எஞ்சினை மறுபடி போட்டால் போய்விடுகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல். இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து விளக்கெல்லாம் எரிய விடுவதற்கு முன் அளந்து பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். 12.2க்குக் கீழே என்றால் பாதி காலி. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டும் (கரண்ட் இழுக்கும்போது பேட்டரி தாங்குகிறதா என்ற சோதனை) செய்துவிடுங்கள்.

அடுத்தது கனெக்டர். பின் சக்கரத்தைக் கழற்றினால் காலிபர் மோட்டாருக்குப் போகும் ஒயர் தெரியும். மலைச் சாலைச் சேறு அப்பி, கனெக்டரின் உலோக முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அந்த பேட் மாற்றிய வேலை. இந்த வகை பிரேக்கில் சர்வீஸ் மோடு (பேட் மாற்றுவதற்கென்றே உள்ள நிலை) போட்டு மோட்டாரைப் பின்னுக்கு ஓட்டிய பிறகே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பழக்கத்தில் சி கிளாம்ப் வைத்து நெருக்கினால் உள்ளே திருகோ பல்லோ அடிபடும். மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாமல், சர்வீஸ் மோடு எப்படிப் போட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் பெடலையும் பட்டனையும் வைத்தே போடலாம். ஆனால் கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்றால் விடை கிடைத்த மாதிரிதான்.

இத்தனைக்கும் பிறகு மோட்டார்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், அது தனியாகக் கிடைக்குமா என்று பார்ட் நம்பரோடு கேளுங்கள். பல மாடல்களில் மோட்டாரைக் காலிபரிலிருந்து தனியாகக் கழற்றி மாற்றலாம். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டிகளில் அமைப்பே வேறு. ஒரே மோட்டார் இரண்டு கேபிளை இழுத்து, டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் ஷூவை (டிரம் பிரேக்கில் உள்ளது போன்ற வளைந்த பிரேக் கட்டை) பிடிக்க வைக்கும். அங்கே காலிபரை மாற்றிப் பயனில்லை, ஷூவைத்தான் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

சரியாகும் வரை சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். லாரிக்காரர்கள் செய்வதை நாம் செய்ய வெட்கப்பட வேண்டாம். 'பி'யில் போட்டிருக்கிறேனே என்று நம்பிவிடாதீர்கள். 'பி' பூட்டுவது கியர்பாக்ஸை. டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் இருந்தால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, வண்டி உருளும். பிரேக் விடாமல் நின்றுவிட்டால் கட்டி இழுக்க விடாதீர்கள், நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் வண்டி புதிதாக வாங்கியது, வாரண்டி இருக்கிறது. இதே கோளாறு. பிரேக் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்கிறார்கள்.

பதில்: பேடும் டிஸ்க்கும் தேய்மானப் பொருள். மோட்டார், பட்டன், கண்ட்ரோல் யூனிட், ஒயரிங் எப்படித் தேயும்? வாரண்டிப் புத்தகத்தில் விலக்குப் பட்டியலைப் படியுங்கள், அதில் இவற்றின் பெயர் இல்லை என்றால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு முறை விடும்போதும் ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மஞ்சள் விளக்கை கிலோமீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள்.

அசைந்து கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கோளாறு தயாரிப்பிலேயே இருந்தது என்று வாதாடினால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அங்கேதான் பல வழக்குகள் நொண்டுகின்றன. திரும்பத் திரும்ப விட்டும் சரிசெய்யவில்லை என்ற சேவைக் குறைபாட்டை ஜாப் கார்டுகளே பேசும்.

(கோத்தகிரி வாசகருக்கும் ஒரு வார்த்தை: வியாபாரியிடம் வாங்கியதால் உங்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அநேகமாக சிவில் கோர்ட்தான்.)

கேள்வி: பழைய ஃபோர் வீல் டிரைவ் பார்க்கப் போகிறேன். இந்த பிரேக்கை எப்படிச் சோதிப்பது?

பதில்: சத்தமில்லாத இடத்தில் பட்டனை இழுத்து, ஒருவரைப் பின்னால் நின்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி "உய்ங்" என்று வந்து நிற்க வேண்டும். பிறகு லேசான சரிவில், முன்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஆட்டோ ஹோல்டை (வண்டி நின்றதும் பெடலை விட்டாலும் கால் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துக் காலை மெதுவாக எடுங்கள். ஆட்டோ ஹோல்ட் வண்டியைப் பிடிப்பது வேறு, இது வேறு. கடைசியாக ஸ்கேனர். விற்பவர் ஸ்கேனர் போட விடவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.